கார் நின்ற பிறகு நடந்து போனவன்

எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா, வெளியூருக்கு நம்பி எடுத்துப் போகலாமா என்று கேட்டீர்கள். பேட்டரிக் கடை வைத்திருக்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்கிறேன், ஆனால் அதற்கு நான் ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போன கதையைச் சொல்ல வேண்டியிருக்கும், அதைச் சொன்னால் இந்த ஆளுக்கு வெயிலில் மூளை குழம்பிவிட்டது என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் எழுந்தே போயிருப்பேன்.

ஏனென்றால், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைத்துத்தான் நான் இத்தனை வருடமாகப் பிழைக்கிறேன். கரண்ட்டை யார் பார்த்திருக்கிறார்கள்? டெஸ்டரை வைத்தால் எரிய வேண்டும், எரியாவிட்டால் அங்கே ஒன்றும் கிடையாது. குறி கேட்பது, திருநீறு மந்திரிப்பது, காத்து கருப்பு, எல்லாவற்றையும் அந்த ஒரு டெஸ்டரை வைத்துத்தான் பார்த்துவந்தேன். உச்சிவேளையில் புளியமரத்தடியில் நிற்காதே என்று அம்மா சொன்னால், போய் அங்கேயே துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டு வருகிறவன் நான். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது. அதுவும் ராத்திரி இல்லை, பட்டப்பகலில், வெயில் ஏறி அடிக்கும்போது.

அப்போது ஊரெல்லாம் மின்வெட்டு. பழங்காநத்தத்தில் என் கடையில் இன்வெர்ட்டர் கேட்டு ஆட்கள் வரிசையில் நிற்கிற காலம். என்னிடம் பேட்டரி வாங்கும் ஒரு பல் டாக்டர் வெளிநாட்டுக்குக் கிளம்பினார், போகிற போக்கில் தன்னுடைய சின்ன எலெக்ட்ரிக் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். தலையில் கட்டினார் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அதை என்னமோ பல்லக்கு மாதிரி வாங்கி வந்தேன். இரண்டே கதவு, குழந்தைகள் ஓட்டுகிற பொம்மைக் காரைக் கொஞ்சம் பெரிதாகச் செய்த மாதிரி இருக்கும். கியர் கிடையாது, சத்தம் கிடையாது. திருப்பரங்குன்றம் ரதவீதியில் போனால் பின்னால் கார் வருவதே தெரியாமல் ஆட்கள் நடுரோட்டில் நடந்துகொண்டிருப்பார்கள், ஆரன் அடித்தால் துள்ளி விழுவார்கள். டவுனுக்குள் ஓட்டுவதற்கு அதைப் போல ஒன்று இல்லை, அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நான் டவுனோடு நிறுத்தவில்லை.

என் தங்கச்சி செல்வராணியைக் கொடுத்திருப்பது டி.கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகிற ஒரு கிராமத்தில். ஊர்ப் பேர் வேண்டாம், அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் முருகேசன் டீசல் வேன் வைத்து ஓட்டுகிறவர். எங்கப்பா இறந்த பதினாறாம் நாள் விசேஷத்தில் எனக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. பந்தியில் யாரை முதலில் உட்காரவைப்பது என்று ஆரம்பித்தது, அவர் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, கடைசியில் அவர் இலையை மடித்து எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் கிடந்து சீரழிந்தது தங்கச்சிதான். என் வீட்டுக்கு வந்தால் அங்கே கோபம், வராவிட்டால் இங்கே கோபம். இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை இறங்கிப் பேச ஆள் இல்லை.

அப்படி இருக்கும்போது அவர்கள் மகள் பவித்ராவுக்குக் காதுகுத்து வைத்தார்கள். பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், எங்கள் பக்கத்தில் அதை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். நான் ஒரே அண்ணன். தங்கச்சி போனில் அழுதாள்.

“அண்ணே, நீ மட்டும் வராம இருந்துட்டேன்னு வையி, நான் இந்த வீட்டுல தல நிமிந்து நடக்க முடியாதுண்ணே.”

“வாரேன்த்தா. என் காருலயே வாரேன்” என்றேன்.

பின்னால் முருகேசன் குரல் கேட்டது. அவளிடம் சொல்கிற மாதிரி, எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். “அந்தப் பொம்மக் காரா? திருமங்கலம் தாண்டாது அது. பஸ்ஸுல வரச் சொல்லு.”

இந்த ஒரு சொல்தான். அவர் இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஒழுங்காகப் பஸ்ஸில் போயிருப்பேன்.

என் மனைவி தனலட்சுமி முந்தின நாளே சொன்னாள், வாடகைக் கார் பிடிப்போம் என்று. நான் கேட்கவில்லை. சார்ஜ் நிரம்பினால் எண்பது கிலோமீட்டர் ஓட வேண்டும், ஊர் ஐம்பது சொச்சம்தான், போய் இறங்கி அங்கே சார்ஜ் போட்டால் மறுநாள் திரும்பிவிடலாம் என்று விரலை மடக்கிக் கணக்குச் சொன்னேன். அந்தக் கணக்கில் நான் சேர்க்காதது எல்லாம் மறுநாள் வந்து சேர்ந்துகொண்டது. ராத்திரி கரண்ட் நாலு முறை போனதில் பேட்டரி முழுதாக நிரம்பவில்லை. பின்சீட்டில் சீர்ப் பாத்திரம், பழத்தட்டு, தேங்காய், அரிசி என்று தூக்க முடியாத கனம். கப்பலூர் தாண்டியதும் எதிர்க்காற்று. பட்டுச்சேலை கசங்குகிறது என்று அவள் சொன்னதால் போட்ட ஏசி. எல்லாவற்றுக்கும் மேலே வெயில், சூட்டில் அந்தப் பழைய பேட்டரி எப்படி இளைத்துப்போகும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவன் நான். திருமங்கலத்தைத் தாண்டியபோது “பாத்தியா, தாண்டிருச்சு” என்று அவளிடம் சொன்னேன். முருகேசனுக்குச் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லிப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லுப்பட்டியும் தாண்டியது. மெயின் ரோட்டை விட்டு இறங்கிக் கரிசல் காட்டுக்குள் போகிற ஒற்றை ரோடு. ஊருக்கு நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். சார்ஜ் காட்டுகிற முள் கீழே படுத்துவிட்டது, கார் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்தது, அப்புறம் மனிதன் நடக்கிற வேகத்துக்கு வந்தது, ஒரு வாகைமரத்துக்குப் பக்கத்தில் நின்றேவிட்டது. இன்ஜின் கார் நின்றால் ஒரு இருமலாவது இருமும். இது நின்றதே தெரியவில்லை. மரம் நகராமல் நிற்கிறதே என்று பார்த்துத்தான் நாங்கள் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டேன்.

மணி எட்டரைதான் இருக்கும். காது குத்த ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். சுற்றிலும் பருத்திக்காடு, சீமைக்கருவேலம், கொஞ்சம் தள்ளி ஒரு கிணறும் மோட்டார் ரூமும். அங்கிருந்து ஒரு பெரியவர் மண்வெட்டியோடு வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“டீசல் தீந்துருச்சா தம்பி?”

“டீசல் இல்லங்க. கரண்ட்டு வண்டி. உங்க மோட்டார் ரூம்ல கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக்கிறட்டுமா?”

“மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி இதுக்குக் கரண்ட்டு காட்டணுமாக்கும்” என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை, அறிந்துகொள்கிற மாதிரிதான் சொன்னார். “தாராளமாப் போடுங்க. ஆனா கரண்ட்டு இருந்தாத்தான. காலையிலயே புடுங்கிட்டான். பத்து மணிக்கு வரும்னு பேச்சு.”

மூன்று பேருமாகக் காரை மோட்டார் ரூம் வரைக்கும் தள்ளினோம். பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தனலட்சுமியும் தள்ளினாள். வயரை இழுத்து ஸ்டார்ட்டர் பெட்டியில் மாட்டித் தயாராக வைத்துவிட்டு வாகைமர நிழலில் வந்து உட்கார்ந்தோம். பெரியவர் எங்கே போகிறோம் என்று விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் பதறிப்போனார்.

“தாய்மாமனா நீங்க? எந்திரிங்க தம்பி. சைக்கிள் நிக்கிது, கேரியர்ல உக்காருங்க, ஒரு மிதி மிதிச்சுக் கொண்டி விட்டுர்றேன்.”

முருகேசன் வீட்டுப் பந்தல் முன்னால், சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, சைக்கிள் கேரியரிலிருந்து குதித்து இறங்குகிற என்னை நினைத்துப் பார்த்தேன். “இல்லங்க, பத்து மணிக்குக் கரண்ட்டு வந்துரும்ல” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வாய்க்கால் பார்க்கப் போய்விட்டார்.

தனலட்சுமி சொன்னாள், “நடந்தே போயிருவோம்ங்க. வெரசா நடந்தா போயிறலாம். சீர் பெறகு வரட்டும்.”

“கொஞ்சம் பொறு.”

“செல்வராணி மூஞ்சிய நெனச்சுப் பாருங்க.”

“பொறுன்னு சொல்றேன்ல.”

 போன் அடித்தது. தங்கச்சி. எடுத்தால் கார் நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டும், அதை அவள் அவரிடம் சொல்லுவாள், அவர் பந்தலில் எல்லோரிடமும் சொல்லுவார். திரும்பவும் அடித்தது. நான் அதை அணைத்துப் பைக்குள் போட்டேன். இதைச் சொல்லும்போது இப்போதும் என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒன்பது போய் ஒன்பதரை ஆனது. வெயில் ஏறிவிட்டது. நாங்கள் உட்கார்ந்திருந்த நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. அப்போது பெரியவர் மேற்கே ஊருக்குப் போகிற வண்டிப்பாதையிலிருந்து திரும்பி வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார்.

“எப்பத் தம்பி திரும்பி வந்தீக?”

“எங்க போனேன்? இங்கதான உக்காந்திருக்கேன்.”

“இப்பத்தான ஓடைக்கிட்ட எதுக்க வந்தீக? வெறுங்காலோட வாரீகளே, செருப்பு எங்கன்னு கேட்டேன். பதிலே சொல்லாம வெரசாப் போனீக.”

நான் தனலட்சுமியைப் பார்த்தேன். அவள், “இவரு இந்த எடத்த விட்டு அசையலங்கய்யா” என்றாள், அதை எரிச்சலோடுதான் சொன்னாள். வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் யார் போனாலும் ஒன்றுபோலத்தான் தெரியும், வயதானவர், வெயில் வேறு என்று நான் விட்டுவிட்டேன். அவர் மட்டும் விடவில்லை. மோட்டார் ரூம் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே என்னையும் அந்தப் பாதையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்ததைச் சொல்லும்போதுதான் எல்லோரும் சிரிப்பார்கள். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று என் வலது தொடையில் ஒரு கனம். கால் மரத்துப்போவது வேறு, இது வேறு. உங்கள் மடியில் ஒரு பிள்ளை ஏறி உட்கார்ந்து, வாகாக இல்லை என்று ஒருமுறை நகர்ந்து உட்காரும் பாருங்கள், அந்த மாதிரி. சூடாகக்கூட இருந்தது. குனிந்து பார்க்கிறேன், வேட்டிதான் இருக்கிறது. தட்டிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனவன், தட்டவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். தட்டினால் கீழே விழுந்துவிடும் என்று தோன்றியது, அவ்வளவுதான். கையை அதைச் சுற்றி அணைத்த மாதிரி வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. தனலட்சுமிதான் தோளைத் தொட்டாள்.

“ஏங்க, எதுக்கு அழுகுறீக?”

“வேர்வ” என்றேன். முகத்தைத் துடைத்தால் கை முழுக்க ஈரம். எங்கப்பா காடு போய்ச் சேர்ந்த அன்றைக்குக்கூட என் கண்ணில் தண்ணீர் வந்ததை யாரும் பார்த்ததில்லை. மடியில் கனம் இல்லை இப்போது. எப்போது இறங்கியது என்றும் தெரியவில்லை.

பத்து மணி கரண்ட் பன்னிரண்டுக்கு மேல்தான் வந்தது. ஊர் போய்ச் சேருகிற அளவுக்கு ஏற்றிக்கொண்டு, பெரியவருக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினோம். அவர் பதில் கும்பிடு போட்டார், ஆனால் கிட்டே வரவில்லை.

அந்த நாலைந்து கிலோமீட்டரும் நான் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன், என்ன சொல்வது, யார் காலில் விழுவது என்று. காது குத்தி முடிந்திருக்கும். பங்காளி எவனையாவது மாமன் முறைக்கு உட்காரவைத்திருப்பார்கள். தங்கச்சி உள்ளே படுத்து அழுதுகொண்டிருப்பாள். முருகேசன் வாசலிலேயே நிறுத்தி, வந்த வழியே போங்க என்பார். சொல்லட்டும், சொல்ல அவருக்குப் பாத்தியதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காரும் சத்தமில்லாமல் திருடன் மாதிரி ஊருக்குள் நுழைந்தது. பந்தலில் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. நாங்கள் வந்ததை ஒரு நாய்கூடக் கவனிக்கவில்லை.

காரை விட்டு இறங்கினேன். தலையைத் தூக்கவே முடியவில்லை. முருகேசன் பந்தலிலிருந்து ஓடிவந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எங்க மச்சான் போனீக? சாப்ட்டுக் கையக் கழுவப் போனவரக் காணோம்னு ஊரே தேடுது. தனம் அக்காவக் கூட்டியாரவா போனீக? சொல்லியிருந்தா நான் வேன எடுத்துருக்க மாட்டேனா? அம்புட்டுத் தூரத்த இந்த வெயில்ல ரெண்டு தரமா நடந்தீக?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கேலி செய்கிற முகம் அப்படி இருக்காது.

“மாப்ள, நான் இப்பத்தான் வாரேன்.”

அவர் சிரித்துவிட்டார். “சரி சரி, இப்பத்தான் வாரீக. உள்ள வாங்க.”

தங்கச்சி ஓடிவந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை அப்படி ஒரு சந்தோஷத்தில் நான் பார்த்ததில்லை. அவள் தனலட்சுமியைக் கட்டிக்கொண்டு சொன்னதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் சிலைமாதிரி நின்று கேட்டோம்.

“மதினி, அண்ணனுக்குப் போனப் போட்டுப் போட்டுப் பாத்து, அது ஆஃபாகிப்போச்சு. இவரு மூஞ்சி கறுத்துருச்சு. அடுத்த கொஞ்ச நேரத்துல பாத்தா அண்ணன் வெறுங்காலோட வந்து நிக்குது, முட்டி வரைக்கும் கரிசப் புழுதி. ‘கார் நின்னுபோச்சு மாப்ள, நீங்க சொன்னதுதான் சரி, நடந்தே வந்துட்டேன்’னு நேரா இவரு கையப் புடிச்சுருச்சு. ‘தோடும் சீரும் பின்னாடி வருது, ஆசாரி கொண்டாந்ததப் போட்டுக் குத்துங்க’ன்னு சொல்லுச்சு. அந்தப் பழைய சண்டைக்கும் எல்லாரு முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுருச்சு மதினி. இவரு அழுக, அது அழுக, எங்க மாமியாகூட அழுதுருச்சு.”

தோடு என் சட்டைப் பையில்தான் இருந்தது. சீர் காரின் பின்சீட்டில் இருந்தது. அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, நான் வந்தேன் என்பது ஒன்றைத் தவிர.

தனலட்சுமி வாயைத் திறக்கப்போனாள்.  என்ன சொல்ல முடியும்? நான் வரவில்லை, வரச் சொல்லி இவள் கெஞ்சியும் வரவில்லை, நீ அடித்த போனைக்கூட நான்தான் அணைத்தேன், நீங்கள் கையைப் பிடித்து அழுதது யாரோ, என்றா? நான் இரண்டாவது தடவையும் சொல்லிப் பார்த்தேன், “நான் இல்ல மாப்ள” என்று. அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெருந்தன்மை என்று ஒருவர் சொன்னார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. தப்பு செய்து திட்டு வாங்கியிருக்கிறேன். செய்யாத நல்லதுக்கு மாலை வாங்கியது அன்றைக்குத்தான், அந்த மாலை கழுத்தில் எப்படிக் குத்தும் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பவித்ரா மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மொட்டைத் தலையில் சந்தனம், சிவந்த காதில் ஆசாரி போட்ட சின்னத் தோடு. வா என்று கூப்பிட்டேன். வரவில்லை. என் காலைப் பார்த்தாள். செருப்புப் போட்டிருந்தேன்.

மறுநாள் காரைத் திருப்பிக் கொண்டுவரும்போது முருகேசன் வேனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். “உங்க வண்டி போகும் மச்சான், போகாட்டி நான் இருக்கேன்” என்றார். கப்பலூரில் அது நின்றது. கயிற்றைக் கட்டிப் பழங்காநத்தம் வரைக்கும் இழுத்துவந்து விட்டார், ஒரு சொல் கேலி பேசவில்லை. ரோட்டில் போகிறவர்கள் சிரித்தார்கள். அவர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்தப் பயணத்தில்தான் தனலட்சுமி கேட்டாள். கயிற்றில் இழுபடுகிற காருக்குள் நாங்கள் இரண்டு பேரும். அவள் என் முகத்தைப் பார்க்காமல், முன்னால் போகிற வேனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அம்புட்டு நேரமும் என் பக்கத்துல உக்காந்திருந்தது நீங்கதான?”

“நான்தான்.”

“அந்தப் பெரியவர் சைக்கிள்ல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு. நான் நடக்கலாம்னு சொன்னேன். ரெண்டுக்கும் வரமாட்டேன்னு சொன்னது நீங்கதான?”

“நான்தான் தனம்.”

அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததா, வேறு பதிலை எதிர்பார்த்தாளா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பேசியதில்லை.

காரை விற்றுவிட்டேன். முருகேசனுக்கும் எனக்கும் இன்றைக்கு வரைக்கும் ஒரு மனத்தாங்கல் கிடையாது. எனக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் துண்டை விரித்துப் படுத்தவர் அவர்தான். யாரோ நடந்துபோய்ச் சம்பாதித்துக் கொடுத்த பாசத்தை நான் உட்கார்ந்து அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு எடுத்த போட்டோ ஒன்று அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஒரே ஒருமுறை பார்த்தேன். மடியில் பவித்ரா, பக்கத்தில் ஆசாரி, அந்த ஆளின் முகம் என் முகம்தான், கன்னமெல்லாம் கண்ணீர். போட்டோ கடைக்காரர் ஏமாற்றினார், யாரோ என்னைப் போல ஒருவர் வந்தார், வெயிலில் ஊரே சேர்ந்து மயங்கியது, எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். என் டெஸ்டர் எதிலும் எரியவில்லை. அந்த வீட்டுக்குப் போனால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில். இப்போது வருகிற வண்டிகள் வேறு, பேட்டரி வேறு, நாலுவழிச் சாலையில் அங்கங்கே சார்ஜர் வைத்துவிட்டார்கள். தாராளமாக வாங்குங்கள், வெளியூர் போங்கள். மெயின் ரோட்டை விட்டு இறங்கி உள்ளே போகிற ஊராக இருந்தால் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். வழியில் நின்றுவிட்டால், வெட்கப்படாமல் இறங்கி நடந்துவிடுங்கள். நீங்களே நடந்துவிடுங்கள்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம்கூட நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். போன மாதம் பவித்ரா கடைக்கு வந்தாள். படித்து முடித்து வேலைக்குப் போகிற பெண் இப்போது. சென்னைக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வந்தவள், டீ குடித்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

“மாமா, அன்னைக்குக் காது குத்துறதுக்கு முன்னாடி நீங்க என் காதுல ரெண்டு விசயம் சொன்னீகல்ல? யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னீக. நான் அம்மாட்டகூடச் சொல்லல.”

 என்ன சொன்னேன் என்று கேட்க வேண்டியதுதானே? கேட்டால், அது நான் இல்லை என்று இத்தனை வருடம் கழித்து அவளிடம் சொல்ல வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன்.

“ஒண்ணு நடந்துருச்சு மாமா” என்றாள். “இன்னொண்ணுதான் பாக்கி.”

சொல்லிவிட்டு என் நெஞ்சையும் முகத்தையும் அவ்வளவு பரிதாபமாகப் பார்த்தாள். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“பயப்படாதீங்க மாமா. நீங்க சொன்ன மாதிரியே நான் பக்கத்துல இருப்பேன்.”